ஐயா இங்கிலீசில் திட்டிய நாள்

என் ஐயா வாயைத் திறந்தால் எதையாவது நாசம் செய்யாமல் மூடமாட்டார். எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். காலையில் கிணற்று வாளியின் கயிறு அறுந்தால், "நாசமறுப்பு!" சேவல் சைக்கிள் கைப்பிடியில் ஏறி நின்றால், "குறுக்காலை போவான்!" தேநீர் நாக்கைச் சுட்டால், "கோதாரி!" இதையெல்லாம் கோபம் என்று எண்ணிவிடாதீர்கள். மற்றவர்கள் பெருமூச்சு விடுகிற இடத்தில் ஐயா ஒரு சாபம் விடுவார். அவர் விட்ட சாபங்களில் பாதி பலித்திருந்தாலும் கிளிநொச்சியில் ஒரு கோழிக்குஞ்சு மிஞ்சியிருக்காது. எங்கள் சேவலோ கிழடு தட்டித்தான் செத்தது.

அப்படிப்பட்ட மனுசன், விடிந்ததிலிருந்து வேலை ஓயும் வரை, நாசம் என்ற சொல்லையோ அதன் சொந்தக்காரச் சொற்களையோ வாயில் எடுக்கவே கூடாது என்று ஒரு நாள் வந்தது. எடுத்தால் எங்கள் குடும்பம் காணியை விட்டுவிட்டு மூட்டை கட்டவேண்டியதுதான். ஐயா அந்த நாளை எப்படி வென்றார் என்பதுதான் இந்தக் கதை. வென்றார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, நல்ல செய்தியை வயிற்றுக்குள் வைத்திருக்க எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். எனக்கு நினைவு நன்றாகத் தெரிந்த வயதில், கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து வாய்க்காலின் கீழ் அரசாங்கம் வயற்காணி கொடுத்தது. ஐயா விண்ணப்பித்தார், கிடைத்தது, எங்களையும் சட்டிபானைகளையும் ஏற்றிக்கொண்டு வன்னிக்கு வந்துவிட்டார். பெரியப்பாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. நாங்கள் புறப்படும்போது வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "மூண்டு போகம் பாப்பம். அதுக்குப் பிறகு இந்தப் படலையடியிலைதான் வந்து நிப்பாய்" என்றார். ஐயா அந்த வார்த்தையை விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. தொண்டையிலேயே வைத்துக்கொண்டு வந்து காடு வெட்டினார்.

முதல் போகத்தை வெள்ளம் கொண்டுபோனது. இரண்டாம் போகத்தை ஐயாவின் வாய் கொண்டுபோனது.

அது எப்படி என்று சொல்லவேண்டும். அறுத்த நெற்கதிரை மழை படாதபடி அடுக்கி வைக்கிற போரைச் சூடு என்போம். அதைக் களத்தில் பரப்பி, எருமைகளைப் பிணைத்துச் சுற்றிவர நடக்கவிட்டு நெல்லைப் பிரிப்பதுதான் சூடு மிதிப்பு. எங்கள் வாய்க்கால் பக்கத்தில் எருமை வைத்திருந்தவர் ஒரே ஒரு பெரியவர். எங்களைப் போன்ற குடியேறிகள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே குளத்தோரம் வாழ்ந்த பழைய ஊர்க்காரர். எல்லோருக்கும் அவர் அப்பு. டிராக்டரும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது பெரிய வயல்காரர்களின் களங்களையெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் பக்கம் தலைகாட்டுவதற்குள் நெல் முளைத்துவிடும்.

அப்பு நிற்கும் களத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. செருப்போடு ஏறக்கூடாது. பெரிய பெண்கள் வரக்கூடாது. என்னைப் போன்ற சின்னப் பெட்டைகள் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, களத்துக்குள் நின்று முடிவையோ குறைவையோ அழிவையோ சொல்கிற சொல் ஒன்றும் வாயில் வரக்கூடாது. 'இல்லை' கூடாது, 'போச்சு' கூடாது, 'முடிஞ்சுது' கூடவே கூடாது. சாக்கு வெறுமையாக இருந்தால் 'நிறையவேணும்' என்று சொல்லவேண்டும். வேலை முடிந்தால் 'பெருகிச்சுது'. நெல்லின் பெயர் அங்கே பொலி. களத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பூதங்கள் நிற்கின்றனவாம். அழிவுச் சொல் ஒன்று காதில் விழுந்தால் போதும், அதைத் தங்களுக்கு இட்ட உத்தரவாக எடுத்துக்கொண்டு நெல்லை வாரிக்கொண்டு போய்விடுமாம். வன்னியில் இதைச் சொல்லிச் சிரிக்க ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள்தான் முதலில் சிரித்தோம்.

இரண்டாம் போகச் சூட்டில் பாதி மிதித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு சாக்கு கிழிந்து நெல் கொட்டியது. "நாசமறுப்பு! எல்லாம் போச்சு!" என்றார் ஐயா. அப்பு கயிற்றை அவிழ்த்தார், எருமைகளைச் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாளே ஒருவரும் எதிர்பாராத மழை. மிதிக்காத பாதி சூட்டோடேயே முளைத்துப் பச்சையாகி நின்றது. கெடுத்தது மழை என்று ஐயா சொன்னார். கெடுத்தது வாய் என்று ஊர் சொன்னது. அதற்குப் பிறகு அம்மாவின் தகர றங்குப்பெட்டி அறையை விட்டு வெளியே வந்து வாசற்கதவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டது. கூறைச்சேலையும் குத்துவிளக்கும் அதற்குள் போயின. ஏதாவது தேவையென்றால் அம்மா திறந்து எடுப்பார், வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்.

நானும் என் பங்குக்கு ஒரு நல்ல சட்டையையும் இரண்டு ரிபனையும் அதற்குள் வைத்திருந்தேன். இந்தப் போகமும் கைவிட்டால் யாழ்ப்பாணம்தான் என்று ஐயாவும் அம்மாவும் குசினிக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். ரயிலில் போகலாம், ஐஸ்பழம் சூப்பலாம், பெரியப்பாவின் பிள்ளைகளோடு கிளித்தட்டு விளையாடலாம். வேறென்ன வேண்டும்?

மூன்றாம் போகம் நன்றாக விளைந்தது. விளைந்தது என்றால் சும்மா இல்லை, வரம்பில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாத விளைச்சல். வெள்ளமும் வரவில்லை, யானையும் இறங்கவில்லை. சூடு வைத்தாகிவிட்டது. இனி எருமைதான் வேண்டும். ஐயா போய்க் கேட்கக் கூச்சப்பட்டார். அம்மாதான் வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அப்புவின் வீட்டுக்குப் போனார். அப்பு நெடுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளை, உன்ரை மனுசன் வாயைக் கட்டினால் நான் எருமையைக் கட்டுறன். ஒரு சொல்லு விழுந்துதோ, அவிட்டுக்கொண்டு போயிடுவன். பிறகு என்னோடை கோவிக்கக் கூடாது."

"இந்தமுறை அவர் கதைக்கமாட்டார், அப்பு. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் ஒத்திகை தொடங்கியது. ஐயா பாவம், உண்மையாகவே முயன்றார். காலையில் எழுந்து பல் விளக்கும் வரை ஒரு குறையும் இருக்காது. விளக்கி முடித்துக் கோப்பையைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, "கோதாரி!" அம்மா துவாயால் அவர் வாயைக் கட்டிப் பார்த்தார். துவாய்க்குள்ளிருந்தும் கோதாரி வஞ்சகமில்லாமல் கேட்டது. "நான் என்ன வேணுமெண்டே சொல்லுறன்? அது தானாய் வருகுதடியப்பா!" என்று ஐயா கிட்டத்தட்ட அழுதார்.

இந்த இடத்தில்தான் சின்னமாமா வருகிறார். அம்மாவின் தம்பி. எங்களோடு வந்து தங்கி வயலிலும் உதவிக்கொண்டு, இங்கிலீசுச் சோதனைக்கு மறுபடியும் படித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் என்றால், முன்பு எழுதித் தவறியிருந்தார். சென்றமுறை வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். மாமா முதல் வரியில் வெள்ளம் வீட்டை டெஸ்ட்ரோய் பண்ணியது என்று எழுதினார். இரண்டாம் வரியில் வயலை டெஸ்ட்ரோய் பண்ணியது. பிறகு பாலம், பள்ளிக்கூடம், மாட்டுக்கொட்டில் எல்லாவற்றையும் அதே டெஸ்ட்ரோய்தான் பண்ணியது. கையில் வேறு சொல் இல்லாத காரணத்தால்தான் தவறினேன் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆகவே இந்தமுறை இங்கிலீசில் அழிவுக்கு எத்தனை சொல் உண்டோ அத்தனையையும் தேடிப் பிடித்துப் பாடமாக்கினார். அவர் சொல்ல, என் சிலேட்டில் எழுதி வைத்துக்கொண்டு சரிபார்ப்பது என் வேலை. பிழை விட்டால் அடிக்கக் கிளுவந்தடி ஒன்றும் என்னிடம் தரப்பட்டிருந்தது. நான் அந்தத் தடிக்கு ஒரு நாளும் ஓய்வு கொடுத்ததில்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை உண்டு, ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுக்கக்கூடாது என்பதில் மாமா பொல்லாத கண்டிப்பு. டிமொலிஷ் கட்டடத்துக்கு, மனிதர் வேண்டுமென்றே இடித்துத் தள்ளுவது. டெவஸ்டேட் ஊருக்கும் நிலத்துக்கும். வெள்ளமோ யுத்தமோ போன பிறகு வெறுவெளியாய்க் கிடப்பது. எக்ஸ்டெர்மினேட் எலிக்கும் பூச்சிக்கும். இராடிகேட் வேரோடு பிடுங்குவது. மலேரியாவுக்கு மருந்தடிக்க வருகிற ஓவர்சியர் வாய்க்கு வாய் சொல்லுவாரே, அது. ஒப்லிட்டரேட் என்றால் இருந்த அடையாளமே தெரியாமல் அழிப்பது. நான் சிலேட்டை எச்சில் தொட்டுத் துடைப்பது மாதிரி. எல்லாவற்றுக்கும் பெரியப்பன் அனிஹிலேட். அது வந்தால் மிச்சமென்று ஒன்றுமே இருக்காது, ஆகவே அதைச் சும்மா சும்மா எடுத்து வீசக்கூடாது. இவ்வளவு கண்டிப்பான மாமா, அம்மா அவித்த பிட்டை ஒரு நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு, "டிமொலிஷ்ட்!" என்பார். அது கட்டடத்துக்கல்லவா என்று நான் தடியைத் தூக்கினால், "வெள்ளைக்காரனே சாப்பாட்டுக்குச் சொல்லுறவன். பிட்டும் கட்டடம் மாதிரித்தானே நிக்குது?" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒரு சாயந்தரம் நான் மாமாவிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐயா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவருடைய சோற்றுக் கோப்பையைத் தாண்டி ஒரு எலி ஓடியது. ஐயா வாயைத் திறந்தார், அம்மா அகப்பையோடு திரும்பினார். எனக்கோ எலி என்றதும் பாடம்தான் நினைவுக்கு வந்தது. "எக்ஸ்டெர்மினேட்!" என்று கத்தினேன். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாத ஐயாவும், "எக்ஸ்டெர்மினேட்!" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே இருந்தார். முகத்தில் ஒரு தெளிவு. வயிற்றுக் குத்து இறங்கின மனுசன் மாதிரி இருந்தார்.

"உது நல்லாயிருக்கடா" என்றார் மாமாவைப் பார்த்து. "வாய் நிறைஞ்சிருக்கு. உப்பிடி வேறையும் இருக்கோ?"

இருக்கோவா! மாமா துள்ளி எழுந்தார். அன்றிலிருந்து நானும் மாமாவும் சேர்ந்து ஐயாவுக்கு வாத்தியார்கள். பகலெல்லாம் வயல் வேலை, மாலையானால் இங்கிலீசு. டெஸ்ட்ரோய் அவருக்குப் பிடிக்கவில்லை. வாய்க்குக் காணாது என்றார். இராடிகேட் பிடித்தது, ஆனால் அதைச் சொல்லும்போது ஓவர்சியரின் முகம் நினைவுக்கு வருகிறதாம். அனிஹிலேட்டைக் கேட்ட உடனேயே அவருக்கு அதில் காதல் வந்துவிட்டது. முள் குத்தினாலும் அனிஹிலேட், குடத்தில் தண்ணீர் தளும்பினாலும் அனிஹிலேட். மாமா தலையில் அடித்துக்கொள்வார்.

"அத்தான், ஒரு முள்ளை அனிஹிலேட் பண்ணேலாது. அதுக்கு ஒரு படையாவது வேணும்."

"உனக்குக் குத்தினால் தெரியும் அது படையோ முள்ளோ எண்டு. பேசாமல் இரு."

அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. பூதங்களுக்கு இங்கிலீசு தெரிந்திருந்தால்? மாமா கொஞ்சம் ஆடிப்போனார். இரணைமடுக் குளத்தைக் கட்டியபோது நின்ற வெள்ளைக்கார எஞ்சினியர்கள் வெயிலிலும் நுளம்புக்கடியிலும் என்னென்ன பேசியிருப்பார்களோ, அதையெல்லாம் இந்தக் காட்டுப் பூதங்கள் கேட்டிருக்குமே! ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு அவர் முடிவு சொன்னார். "அவங்கள் கோவத்திலை சின்னச் சொல்லுத்தான் பேசியிருப்பாங்கள், அக்கா. இது சோதனைக்குப் படிக்கிற சொல்லு. எனக்கே தெரியாமல் இருந்தது பூதத்துக்கு எப்பிடித் தெரியும்?" அம்மா அதை ஏற்றுக்கொண்டார். வேறு வழியும் இருக்கவில்லை.

சூடு மிதிப்பு வழக்கமாக இரவில், நிலவில் நடக்கும். அந்தமுறை முல்லைத்தீவுப் பக்கம் வானம் கறுக்கத் தொடங்கிவிட்டதால், வெயில் இருக்காது, விடியவே தொடங்குவோம் என்று அப்பு சொல்லியனுப்பினார். களத்து மூலையில் பிள்ளையாருக்குச் சாணியில் அறுகம்புல் குத்தி வைத்தார்கள். எருமைகளைப் பிணைத்தார்கள். அப்பு, "பொலி! பொலி! பொலியே பொலி!" என்று குரல் கொடுத்தார். அம்மா களத்து எல்லைக்கு வெளியே, வேலியோரம் நின்றார். அங்கிருந்து ஐயாவின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர்ச் செம்போடு களத்துக்குள் நின்றேன். ஐயாவுக்குச் சொல் மறந்தால் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. எனக்கு அது ஒரு விளையாட்டு, ஐயா தோற்கக்கூடாது, அவ்வளவுதான்.

முதல் சாபம் வர அதிக நேரம் எடுக்கவில்லை. வைக்கோல் கிளறுகிற தடி முறிந்தது. ஐயாவின் கழுத்து நரம்பு புடைத்தது. என்னைப் பார்த்தார். பிறகு வெகு மரியாதையாக, "டிமொலிஷ்" என்றார். அப்பு திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எருமைகள் நடந்தன. காகம் ஒன்று தலைக்கு மேலால் போய் ஐயாவின் தோளில் எச்சமிட்டது. "எக்ஸ்டெர்மினேட்!" வைக்கோலைப் புரட்டிக்கொண்டே மாமா, "அத்தான், அது எலிக்கு" என்று முணுமுணுத்தார். "இண்டைக்குக் காகத்துக்கும்தான்!" என்றார் ஐயா. நேரம் போகப்போக அவருக்கு அது கைவந்துவிட்டது. எருமைகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே ஒவ்வொரு சொல்லாக ருசித்து ருசித்துச் சொன்னார். அதைப் பார்க்க எனக்குப் பெருமையென்றால் பெருமை.

மத்தியானத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. கிழக்கு முழுவதும் எருமை நிறத்தில் கறுத்து, காற்று குளிர்ந்தது. சூட்டில் இன்னும் ஒரு பங்கு மிதிபடாமல் கிடந்தது. எல்லோரும் வேகமானார்கள். அந்த நேரத்தில் வானம் ஒரு இடி இடித்தது. ஓரத்தில் நடந்த கடா எருமை மிரண்டு, பிணையலோடு மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு துள்ளியது. ஐயா அதன் கயிற்றைப் பிடிக்கப் பாய்ந்தார். கடா தன் முழுப் பாரத்தோடும் அவருடைய காலின் மேல் ஏறி நின்றது.

ஐயாவின் வாய் திறந்தது. "நா..." என்று வந்தது.

களம் அப்படியே உறைந்துபோனது. மாமாவின் கை வைக்கோலோடு அந்தரத்தில் நின்றது. வேலியோரத்தில் அம்மா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்தினார். அப்புவின் கை கயிற்று முடிச்சுக்குப் போவதை நான் கண்டேன். போன வருசமும் அந்தக் கை அப்படித்தான் போனது. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"ஐயா! அனிஹிலேட்!"

"நா... அனிஹிலேட்!" என்று முழங்கினார் ஐயா. "அனிஹிலேட்! டெவஸ்டேட்! ஒப்லிட்டரேட்! இராடிகேட்! எக்ஸ்டெர்மினேட்! டிமொலிஷ்! அனிஹிலேட்! அனிஹிலேட்!"

இரணைமடுக் குளத்தின் கதவுகளை ஒரேயடியாகத் திறந்துவிட்டது போல் இருந்தது. முதல் போகத்து வெள்ளம், முளைத்த நெல், பெரியப்பாவின் படலை எல்லாம் அந்தச் சொற்களோடு வெளியே வந்தன. கடா அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுக் காலை எடுத்தது. எடுத்த காலை முன்னே வைத்தது. ஐயா நொண்டிக்கொண்டே பின்னால் போய், "அனிஹிலேட்!" என்று இன்னொரு தரம் அதட்டினார். எருமைகள் எல்லாம் ஒரு சீராக, அதுவரை நடக்காத வேகத்தில் சுற்றத் தொடங்கின. மாமாவும் சேர்ந்து கத்தினார். நானும் கத்தினேன். செம்புத் தண்ணீர் எல்லாம் என் சட்டையில். அப்புவின் கை முடிச்சை விட்டு இறங்கியது. "பொலி! பொலி!" என்று அவர் ஒரு பக்கம், "அனிஹிலேட்!" என்று நாங்கள் மறுபக்கம். அப்படி ஒரு களம் வன்னியில் அதற்கு முன்னும் நடந்திருக்காது, பின்னும் நடந்திருக்காது.

மழைக்கு முந்திய காற்று தூற்றுவதற்குத் தோதாக வீசியது. பதர் பறந்தது, நெல் விழுந்தது. குவியல் என் இடுப்பளவு வந்து, நெஞ்சளவு வந்து, என் தலையைத் தாண்டியது. ஐயா காலை இழுத்து இழுத்து அதைச் சுற்றி வந்தார். அப்பு குவியலின் உச்சியில் ஒரு பிடி நெல்லை வைத்து, "பெருகிச்சுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இஞ்சை வா. உன்ரை ஐயா விடியத் தொடக்கம் ஒரு சொல்லுச் சொல்லுறார். அதுக்கென்ன கருத்து?"

கேட்டவர் பெரியவர், பொய் சொல்ல முடியாது. உண்மையைத் தமிழில் சொன்னால், நாள் முழுக்கக் காத்த அதே சொல்லை நானே களத்துக்குள் போட்டு உடைத்ததாகிவிடும். ஐயா என்னைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"அப்பு, அதைக் களத்துக்குள்ளை நிண்டு சொல்லேலாது."

அப்பு என்னை உற்றுப் பார்த்தார். அவருடைய மீசை முதலில் ஆடியது, பிறகு தோள் ஆடியது, பிறகு வெற்றிலைச் சிவப்பு வாய் முழுவதையும் திறந்து சிரித்தார்.

"கெட்டிக்காரி! அப்ப சட்டப்படிதான் எல்லாம் நடந்திருக்கு. அள்ளுங்கோ, அள்ளுங்கோ, மழை வருகுது!"

கடைசிச் சாக்கு கொட்டிலுக்குள் போய்ப் படங்குத் துணியை இழுத்து மூடிய பிறகுதான் முதல் துளி விழுந்தது. பிறகு கொட்டியது பாருங்கள் ஒரு மழை! நாங்கள் எல்லோரும் கொட்டில் வாசலில் நின்று அந்த மழையைப் பார்த்துச் சிரித்தோம். ஐயா வெளியே கையை நீட்டி, மழையிடம், "வா, வா, இப்ப வா" என்றார்.

அப்புவுக்கு அந்தச் சொல்லின் கருத்து முதல் சுற்றிலேயே விளங்கியிருக்கும் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. திட்டும்போது ஐயாவின் முகத்தைப் பார்த்தால் விளங்குவதற்கு மொழி எதற்கு? அன்றைக்கோ நான் அவரை வென்றுவிட்டதாக நினைத்து, பள்ளிக்கூடத்தில் போய் அளந்தேன். அடுத்த போகத்துக்கு அம்மா வெற்றிலை கொண்டு போகத் தேவைப்படவில்லை. அப்புவே வந்தார். "தம்பி, உம்மடை சொல்லு இல்லாமல் கடா இப்ப கால் எடுக்குதில்லை. ஒருக்கால் எனக்கும் சொல்லித் தாரும்" என்றார். அவர் வாயில் அது 'அனிலேட்டு' என்று ஆகிவிட்டது. பல வருசங்களுக்குப் பிறகு, பஸ்ஸில் போகும்போது, அந்தப் பக்கத்துக் களம் ஒன்றில் ஒரு வாலிபன், "பொலி பொலி! அனிலேட்டு!" என்று எருமைகளை நடத்துவதை என் காதால் கேட்டேன். அவனிடம் கருத்துக் கேட்டிருந்தால், பொலி பெருகுவதற்குச் சொல்லும் பழைய சொல் என்றிருப்பான். நான் பஸ்ஸுக்குள் இருந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த மனுசி நகர்ந்து உட்கார்ந்தார்.

சின்னமாமாவும் சோதனையில் சித்தியடைந்தார். அந்தமுறை கட்டுரை ஒரு கல்யாண வீட்டைப் பற்றியதாம். பாடமாக்கிய படையை இறக்க இடமே கிடைக்கவில்லை. கடைசி வரியில் மட்டும், மாப்பிள்ளை வீட்டார் சோற்றை டிமொலிஷ் பண்ணினார்கள் என்று எழுதிவிட்டு வந்தார். மாமாவைத் தேறவைத்தது அந்த ஒரு வரிதான் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் நம்புகிறோம்.

ஆனால் எனக்கு அந்தப் போகம் அழுகையில்தான் முடிந்தது. மழை விட்டு, நெல்லைக் காயப்போட்டு எடுத்த பிறகு ஒரு காலை, அம்மா வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்த றங்குப்பெட்டியைத் திறந்தார். கூறைச்சேலையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். குத்துவிளக்கை எடுத்துச் சாமித் தட்டில் வைத்தார். என் நல்ல சட்டையையும் ரிபன்களையும் எடுத்து என் கையில் தந்தார். பிறகு ஐயா நொண்டிக்கொண்டு ஒரு சாக்கைத் தூக்கி வந்து, அடுத்த போகத்துக்கான விதைநெல்லை அந்தப் பெட்டிக்குள் கொட்டினார். பெட்டி விளிம்பு வரை நிறைந்தது.

"எலிக்கு எட்டாது" என்றார் அம்மா.

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். பெட்டிக்குள் நெல்லைக் கொட்டினால், யாழ்ப்பாணம் போகும்போது என் சட்டையை எதற்குள் வைப்பது? இனி நாங்கள் எப்படிப் போவது? அதைத்தான் கேட்டுக் கேட்டு அழுதேன். ஐயா அம்மாவைப் பார்த்தார், அம்மா ஐயாவைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அம்மா ஏன் கண்ணைத் துடைத்தார் என்றும், இப்போது களத்துக்குள் நிற்காமல் சொந்த வீட்டில் நிற்கிற ஐயா, என்ன வேண்டுமானாலும் தமிழிலேயே திட்டக்கூடிய ஐயா, ஒரு சொல்லும் வராமல் நெல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு ஏன் அப்படி நின்றார் என்றும் எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேருக்கும் என் கவலை ஒரு துளியும் பெரிதாகத் தெரியவில்லையே என்ற கோபத்தில், காலை உதைத்துக்கொண்டு நான் அழுதேன்.